பொயிலரை நிறுத்திய கிழமை

மரியதாசனுக்கு அந்தக் குளிர்காலம் முழுவதும் களைப்பாகவே இருந்தது. ஒரு கோப்பை தேத்தண்ணீரோடு தீர்ந்துபோகிற களைப்பு அல்ல அது. காலையில் அவர் கண் விழிக்கும் முன்பே விழித்திருந்து, அவரோடு சேர்ந்து சப்பாத்து மாட்டிக்கொண்டு வேலைக்கு வருகிற களைப்பு. மொன்றியலின் செயின்ட்-மிஷேலில் அவர் வேலை பார்த்த கத்தோலிக்கக் கோயிலுக்கும் வீட்டுக்கும் இடையே சில தெருக்கள்தான். ஆனாலும் நடுவழியில் பஸ் தரிப்பிடத்தின் கண்ணாடிக் கூட்டுக்குள் நின்று, பஸ்ஸுக்குக் காத்திருப்பவர்போலத் தெருவைப் பார்த்துவிட்டுத்தான் மிச்சத்தை நடக்க முடிந்தது. ஒரு தடவை உண்மையாகவே பஸ் வந்து நின்று கதவைத் திறந்துவிட்டது. சாரதிக்குக் கைகாட்டி அனுப்பிவிட்டு, யாராவது பார்த்தார்களா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தார்.

அவருக்கு அறுபது நெருங்கிக்கொண்டிருந்தது. மட்டக்களப்புக்காரர். வாழைச்சேனைக் கடதாசி ஆலையில் பொயிலர்ப் பகுதியில் வேலை செய்தவர். எண்பதுகளின் கடைசியில் மொன்றியலுக்கு வந்து, உணவகங்களில் கோப்பை கழுவி, ஜான்-டலோன் சந்தையில் உருளைக்கிழங்கு மூட்டை இறக்கி, முதுகு பிடித்துக்கொண்ட பிறகு ஒரு பாதரின் சிபாரிசில் இந்தக் கோயில் வேலைக்கு வந்து சேர்ந்தார். பெரிய கற்கோயில். ஒரு காலத்தில் ஞாயிற்றுக்கிழமை நிற்க இடம் இராதாம். இப்போது முன்வாங்குகளில் நாலைந்து கிழவிகள், பின்னால் சில ஹெயிட்டிக் குடும்பங்கள், ஓரமாக மரியதாசனும் மனைவி றோசலினும். கூட்டுவது, துடைப்பது, படியில் பனி வழிப்பது எல்லாம் அவர் பொறுப்பு. எல்லாவற்றிலும் பெரிய பொறுப்பு நிலவறைப் பொயிலர். அது முனகிக்கொண்டும் இருமிக்கொண்டும் மேலே சுவரோரம் இருந்த இரும்பு ரேடியேட்டர்களுக்கு நீராவி அனுப்பும். பொயிலர் வேலை தெரிந்தவர் என்பதால்தான் அந்த வேலையே அவருக்குக் கிடைத்தது.

கார்த்திகை முடிவில் அவரால் கட்டிலில் நேராகப் படுக்க முடியாமல் போனது. படுத்தால் நெஞ்சில் யாரோ ஏறி உட்கார்ந்ததுபோல இருக்கும். ஹோலில் இருந்த சோபாவில் சாய்ந்தபடி தூங்கப் பழகிக்கொண்டார். றோசலினிடம், டிவி பார்த்தபடி கண்ணயர்ந்துவிட்டேன் என்பார்.

“இஞ்சாருங்க, ஒருக்கா டொக்டரிட்டக் காட்டுங்களன்” என்றாள் அவள்.

“எந்த டொக்டர்? நமக்கெண்டு ஒரு டொக்டரைத் தாங்க எண்டு எழுதிக் குடுத்து எத்தின வருசம்? வயசு போகுதுதானே. மனிசன் எண்டா களைக்கத்தான் செய்வான்.”

 றோசலின் தையல் தொழிற்சாலையில் நாள் முழுக்கக் குனிந்திருந்துவிட்டு வருபவள். களைப்பைப் பற்றி வாதாட அவளுக்கும் தெம்பு இருக்கவில்லை. மகள் தனுஷா கல்யாணம் முடித்து நகரின் மறு ஓரத்தில் இல்-பிசாரில் இருந்தாள். அங்கிருந்து பஸ் மாறி மாறி வருவதற்கு அரை நாள் போய்விடும். தொலைபேசியில் அப்பாவின் குரல் எப்போதும்போலவே கேட்டதால் அவளும் கவலைப்படவில்லை.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு மாசி மாதத்தில்தான் இசைக்காரர்கள் வந்தார்கள். முன்கூட்டியே பங்குத்தந்தை மரியதாசனைக் கூப்பிட்டு, ஒரு முழுக் கிழமைக்குக் கோயிலை ஒலிப்பதிவுக்கு விட்டிருப்பதாகவும், அவர்கள் கேட்பதைச் செய்துகொடுக்கும்படியும் சொல்லியிருந்தார். வந்தவர்கள் மூன்று பேர். எத்தியென் என்ற நெட்டையான வயலின்காரர், ஓடில் என்ற வயதான பியானோக்காரி, ஒலிப்பதிவு செய்கிற கிஸ்லேன் என்ற பெண். கிஸ்லேனுக்கு ஐம்பது வயதிருக்கும். நரைத்த குட்டை முடி, கழுத்தில் எப்போதும் ஒரு ஹெட்போன்.

அவர்கள் கொண்டுவந்த பியானோவைப் பார்த்து மரியதாசன் முதலில் அது ஏதோ மேசை என்றுதான் நினைத்தார். மெலிந்த கால், தவிட்டு நிற மரம், உள்ளே இரும்புச் சட்டம் கிடையாது. நோயாளியைக் கொண்டுவருவதுபோலக் கம்பளி சுற்றி மெதுவாகத் தூக்கி வந்தார்கள். வயலினும் அப்படித்தான். அதன் நரம்புகள் கம்பி அல்ல, ஆட்டுக் குடலில் முறுக்கியவை. குளிர் கொஞ்சம் மாறினாலும் சுருதி இறங்கிவிடும்.

“இருநூறு வருடத்துக்கு முன்னால் எழுதிய ஆறு சொனாட்டாக்கள்” என்று எத்தியென் அவருக்கு விளக்கினார். “பியானோவும் வயலினும் மட்டும். ஒரு தடவை அச்சில் வந்து, பிறகு யாரும் தொடவில்லை. எழுதிய காலத்தில் என்ன வாத்தியம் இருந்ததோ அதிலேயே வாசித்துப் பதிவு செய்கிறோம்.”

“பொன்” என்று மரியதாசன் தலையாட்டினார். நல்லது என்று அர்த்தம். அவருடைய பிரெஞ்சு சந்தையில் பழகிய பிரெஞ்சு. பெரிய பேச்சுக்கு உதவாது, வேலைக்கு உதவும்.

கிஸ்லேன் கோயிலின் நடுவில் நின்று ஒரு தடவை கை தட்டினார். சத்தம் மேலே போய்ச் சுற்றித் திரும்பி வந்தது. அவருக்கு முகம் மலர்ந்தது. அடுத்த கணமே ரேடியேட்டர் ‘டொக்’ என்றது, முகம் சுருங்கியது.

“இதை நிறுத்த வேண்டும், மிசியே.”

“நிறுத்தலாம், மதாம். ஆனால் நீண்ட நேரம் நிறுத்தினால் குழாய் உறைந்து வெடிக்கும்.”

கடைசியில் ஒரு ஏற்பாட்டுக்கு வந்தார்கள். அவர்கள் பதிவு செய்யும்போது பொயிலர் நிற்கும். ஓய்வு எடுக்கும்போது ஓடும். கிஸ்லேன் தன் இயந்திரங்களை சக்கிறிஸ்தி அறைக்குள், பாதர் பூசை உடுப்பு மாற்றுகிற இடத்தில், வைத்துக்கொண்டார். அவர் அங்கிருந்து ஒலிபெருக்கியில் சொன்னதும் மரியதாசன் நிலவறைக்கு இறங்க வேண்டும். நிறுத்திவிட்டு மேலே வர வேண்டும். திரும்ப இறங்க வேண்டும். செங்குத்தான கற்படி. ஒவ்வொரு தடவையும் மேலே வந்து சேரும்போது கண்ணுக்குள் பூச்சி பறந்தது.

உட்கார அவர் ஒரு இடம் கண்டுபிடித்து வைத்திருந்தார். பின்பக்கச் சுவரோரம் பாதரிடம் பாவத்தைச் சொல்லி மன்னிப்புக் கேட்கிற பழைய பாவசங்கீர்த்தனக் கூடு ஒன்று இருந்தது. இப்போது பாதர் பாவசங்கீர்த்தனம் கேட்பது வேறு அறையில். இந்த மரக்கூடு சும்மா கிடந்தது. பாதர் இருக்கும் நடுப்பகுதியில் மெத்தை வைத்த நாற்காலி, முன்னால் தடித்த ஊதாத் திரை. குளிர்காற்று உள்ளே வராது. நிமிர்ந்து சாய்ந்துகொண்டால் மூச்சும் கொஞ்சம் இலகுவாக வரும். சில மாதமாகவே பூசை இல்லாத நேரங்களில் அவர் இளைப்பாறுவது அங்கேதான். அது யாருக்கும் தெரியாது.

முதல் நாள் வாசிப்பு அவருக்குப் பெரிதாகப் படவில்லை. இவ்வளவு பாடுபட்டுக் கொண்டுவந்த பியானோவின் சத்தம் இவ்வளவுதானா என்று இருந்தது. இன்னும் கொஞ்சம் ஊன்றி அடித்தால் என்ன என்று நினைத்தார். அதிலும், ஒரே இடத்தை மறுபடி மறுபடி வாசித்தார்கள். நன்றாகத்தானே இருந்தது என்று அவர் நினைக்கும்போதே ஒலிபெருக்கியில் கிஸ்லேனின் குரல் வரும்: “மன்னியுங்கள். விமானம்.” இன்னொரு தடவை, “பனி வழிக்கும் வண்டி.” இன்னொரு தடவை, பள்ளிக்கூட பஸ். ஓடில் விரல் நுனி வெட்டிய கையுறைக்குள் கையை ஊதி ஊதிச் சூடாக்கிக்கொண்டு முதலிலிருந்து தொடங்குவார். அவர் ஒரு தடவையும் முகம் சுளித்ததில்லை. எத்தியென்தான் பெருமூச்சு விட்டார்.

இரண்டாம் நாள் புதிய தொல்லை ஒன்று தொடங்கியது. கிஸ்லேன் ஹெட்போனோடு வெளியே வந்து சுவர்களைப் பார்த்தார்.

“ஒரு விசில் சத்தம் வருகிறது. மெல்லியது. நீளமாக. அவர்கள் மெதுவாக வாசிக்கும்போது மட்டும் கேட்கிறது.”

“ரேடியேட்டர் வால்வாக இருக்கும், மதாம். உள்ளே கொஞ்சம் ஆவி நின்றிருக்கும்” என்று மரியதாசன் சாவியை எடுத்துக்கொண்டு போனார். ஒவ்வொரு ரேடியேட்டராகக் குனிந்து, திருகித் திறந்து மூடினார். அவர் அந்த வேலையில் இருந்தபோது கிஸ்லேன் திரும்பிப் போய்க் கேட்டுவிட்டு, கட்டைவிரலைக் காட்டினார். சத்தம் போய்விட்டது. மரியதாசன் திருப்தியோடு போய்த் தன் கூட்டுக்குள் உட்கார்ந்தார். அடுத்த பதிவில் சத்தம் திரும்ப வந்தது.

பிறகு மேல்மாடத்தில் இருந்த ஓர்கன் வாத்தியத்தின் காற்றுப்பை என்று சந்தேகப்பட்டார்கள். மரியதாசன் சுழற்படி ஏறி மேல்மாடத்துக்குப் போய்ப் பார்த்தார். அவர் மேலே நின்ற நேரம் முழுக்கச் சத்தம் இல்லை. இறங்கி வந்ததும் வந்தது. இப்போது முன்னைவிடக் கூடுதலாக. பிறகு வண்ணக் கண்ணாடிச் சன்னல் ஒன்றில் இடுக்கு இருப்பதாகச் சொல்லி ஏணி வைத்து ஏறிப் பஞ்சு அடைத்தார். எத்தியென் ஏணியைப் பிடித்துக்கொண்டார். இறங்கும்போது மரியதாசனின் முகம் சாம்பல் பூத்திருந்தது.

“உங்களுக்கு ஒன்றுமில்லையே?” என்றார் எத்தியென்.

“இல்லை, இல்லை. வயது” என்று சிரித்தார் அவர்.

அன்று வீட்டுக்குப் போனதும் சப்பாத்தைக் கழற்ற முடியவில்லை. கால் வீங்கிச் சப்பாத்துக்குள் இறுகிக் கிடந்தது. றோசலின் குனிந்து இழுத்துக் கழற்றினாள். காலுறையின் கரை இறங்கிய இடம் ஆழமான பள்ளமாக இருந்தது.

“என்ன இது? காலா, பணியாரமா?”

“நாள் முழுக்க ஏறி இறங்கினது. அந்த மனிசருக்கு என்னவோ விசில் கேக்குதாம். நாளைக்கும் தேடணும்.”

“கேட்டாக் கேட்டுட்டுப் போகட்டுமே.”

“அப்பிடியில்ல. அதுகள் பாவம். அந்தப் பொம்பிளை விறைச்ச கையோட வாசிக்குது.”

மூன்றாம் நாள் அவர்கள் நான்காவது சொனாட்டாவின் நடுப்பகுதிக்கு வந்தார்கள். மிக மெதுவான பகுதி. அது மட்டும் மரியதாசனுக்குப் பிடித்துப்போயிற்று. வயலின் நாலு வார்த்தை சொல்லும். பியானோ கேட்டுக்கொண்டிருந்துவிட்டு ஒரு வார்த்தை சொல்லும். வேலை முடிந்து வந்த இரண்டு பேர் சப்பாத்துக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்து கதைப்பதுபோல இருந்தது. ஆனால் அந்தப் பகுதியில்தான் விசிலும் அதிகமாகக் கேட்டது. கிஸ்லேன் நிறுத்தினார். திரும்ப நிறுத்தினார். எத்தியென் வில்லை வாங்கில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பனியில் நின்றுவிட்டு வந்தார்.

“மிசியே மரியதாசன், இங்கே வாருங்கள்” என்று கிஸ்லேன் அவரைச் சக்கிறிஸ்திக்குள் கூப்பிட்டார். “உங்களுக்குத்தான் இந்தக் கட்டிடம் தெரியும். நீங்களே ஒரு தடவை கேட்டுப் பாருங்கள்.”

ஹெட்போனை அவர் காதில் மாட்டிவிட்டார். முதலில் வயலின். இவ்வளவு பக்கத்தில் அவர் எதையும் கேட்டதில்லை. வில்லின் மயிர் நரம்பில் உராய்வதுகூடக் கேட்டது. பிறகு இசை தணிந்த இடத்தில் அது வந்தது. மெல்லிய, இழுபட்ட ஒரு விசில். கொஞ்சம் நின்று, கீழே ஒரு கரகரப்பு. திரும்ப விசில். மரியதாசனுக்கு அது எந்தக் குழாய் என்று உடனே விளங்கிவிட்டது. மாதக்கணக்காகச் சோபாவில் சாய்ந்தபடி அவர் கேட்டுக்கொண்டிருந்த சத்தம்தான் அது. தன் காதுக்குள் மட்டும் கேட்பதாக அவர் நினைத்திருந்தார்.

“என்ன அது?” என்றார் கிஸ்லேன்.

“பழைய கட்டிடம், மதாம்” என்றார் மரியதாசன். அவருக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

அப்போதே சொல்லியிருக்கலாம். எழுந்து வெளியே போயிருக்கலாம். ஆனால் வெளியே கடும் குளிர். பதிவு முடிந்ததும் பொயிலரைப் போட அவர் பக்கத்தில் இருக்கவும் வேண்டும். அதைவிட வெட்கம் பெரிதாக இருந்தது. மூன்று நாளாக இந்த மனிதர்களை அலைக்கழித்தது தான்தான் என்று எந்த வாயால் சொல்வது? அவர் தன் கூட்டுக்குள் போய்த் திரையை இழுத்துவிட்டு, கழுத்துச் சால்வையை மடித்து வாயையும் மூக்கையும் பொத்திக்கொண்டார்.

பதிவு தொடங்குவதைக் காட்டும் சிவப்பு விளக்கு திரை இடுக்கில் தெரிந்தது. வாசிப்பு தொடங்கியது. அவர் மூச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக, துணிக்குள் ஒளித்து ஒளித்து விட்டார். இந்தத் தடவை யாரும் நிறுத்தவில்லை. வயலின் ஏறி இறங்கியது. அந்தப் பகுதி முடிவை நெருங்குகிறது என்று அவருக்கும் தெரிந்தது. கடைசி வரி. அவர் மூச்சை முழுதாக நிறுத்தினார். பியானோவின் கடைசிச் சுரம் அடங்கிக்கொண்டிருந்தது. கோயில் முழுக்க அது கரைந்து போகும்வரை பொறுத்திருக்க வேண்டும். நெஞ்சு தாங்கவில்லை. உள்ளே ஏதோ குமுறிக்கொண்டு வந்தது. இருமல் வெடித்தது. ஒன்று, இன்னொன்று, பிறகு நிற்காமல். மரக்கூடே ஆடியது.

திரையை விலக்கியது கிஸ்லேன். பின்னால் எத்தியெனும் ஓடிலும் நின்றார்கள். மரியதாசன் சால்வையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய உட்கார்ந்திருந்தார்.

“நான்தான் மதாம். அந்தச் சத்தம். வால்வு இல்லை, ஓர்கன் இல்லை. நான்தான். மன்னித்துக்கொள்ளுங்கள். நான் வெளியே போய் உட்காருகிறேன்.”

அவர் எழுந்திருக்கப் பார்த்தார். கிஸ்லேன் அவர் தோளில் கை வைத்து உட்கார வைத்தார். அந்தப் பெண்ணின் முகத்தில் கோபத்தைத்தான் அவர் எதிர்பார்த்தார். அங்கே இருந்தது வேறு.

“எத்தனை நாளாக இப்படி?”

“அது சும்மா. வயது.”

“வயது இல்லை” என்றார் கிஸ்லேன். “கொஞ்சம் இருங்கள்.”

அவர் சக்கிறிஸ்திக்குப் போய் ஒலிபெருக்கியில் பழைய பதிவு ஒன்றைப் போட்டார். முதல் நாள், ஒரு வாசிப்புக்கும் அடுத்ததற்கும் நடுவே மைக் திறந்திருந்த நேரத்தில் பதிந்த சத்தம். அப்போது அது விசில் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை; மெல்லிய காற்றுபோல, ஒரு சீராக வந்து போனது. பிறகு இன்று காலையில் பதிந்தது. அதில் மூச்சு அவசரமாகவும் குறுகியும் வந்தது. அடியில் தண்ணீர் கொதிப்பதுபோல ஒரு கரகரப்பு. வெறும் கோயிலுக்குள் மரியதாசனின் மூச்சு அவரைவிடப் பெரிதாக நின்றது. 

கிஸ்லேன் திரும்பி வந்து அவர் முன்னால் குந்தினார்.

“நான் டொக்டர் இல்லை. ஆனால் சத்தம் கேட்பதுதான் என் தொழில். மூன்று நாளில் இவ்வளவு மாறியிருக்கிறது. என் அப்பாவுக்கும் இதே சத்தம் இருந்தது, நெஞ்சில் தண்ணீர். நாங்கள் சளி என்று நினைத்தோம். உங்களால் படுத்துத் தூங்க முடிகிறதா?”

 யாரும் அவரிடம் கேட்டிராத கேள்வி அது.

“கால் வீங்குகிறதா?”

அவர் தன் சப்பாத்தைப் பார்த்தார். அன்று காலை அவர் சப்பாத்துக் கயிறு கட்டாமலே வந்திருந்தார்.

“இப்போதே ஆஸ்பத்திரிக்குப் போகிறோம்” என்றார் கிஸ்லேன்.

“பொயிலர்?”

“பொயிலர் கிடக்கட்டும்.”

“இல்லை மதாம், குழாய் வெடிக்கும். நீங்கள் வேலையை முடியுங்கள். நான் பிறகு…”

அப்போது ஓடில், அதுவரை வாய் திறக்காதவர், போய்ப் பியானோவின் மூடியை இறக்கினார். “எனக்கும் களைப்பாக இருக்கிறது, மிசியே” என்றார். “இன்றைக்குப் போதும்.”

மரியதாசன் தன் நண்பர் தேவதாசனுக்குத் தொலைபேசி எடுத்தார். தேவதாசன் டாக்சி ஓட்டுபவர். அவரும் வாழைச்சேனை ஆலையில் இருந்தவர். “பொயிலரை ஒருக்காப் பாத்துக்கொள்ளு தேவா. இடப்பக்கத்து வால்வு மெதுவாத்தான் திறக்கணும்” என்று மூச்சு வாங்க வாங்க விளக்கினார். “நீ முதல்ல வாயை மூடிட்டு அந்த அம்மாட கார்ல ஏறு” என்றார் தேவதாசன்.

அவசர சிகிச்சைப் பிரிவு நிரம்பி வழிந்தது. எண் வாங்கிக்கொண்டு காத்திருக்கும்படி சொன்னார்கள். மரியதாசன் அதைப் பெரிய நிம்மதியோடு ஏற்றுக்கொண்டு ஒரு நாற்காலியைத் தேடினார். கிஸ்லேன் விடவில்லை. தாதியிடம் போய்ப் பேசினார், அவர் கேட்கவில்லை. பிறகு சின்னக் கருவி ஒன்றை எடுத்து, காலையில் பதிந்த மூச்சை ஹெட்போனில் அந்தத் தாதியின் காதில் மாட்டிவிட்டார். தாதி எழுந்து வந்து மரியதாசனின் விரலில் ஒட்சிசன் அளக்கும் கருவியை மாட்டி அதன் இலக்கத்தைப் பார்த்தார். பார்த்த உடனேயே சக்கர நாற்காலி வந்தது.

றோசலின் தொழிற்சாலையிலிருந்து வந்து சேர்ந்தபோது அவர் மூக்கில் குழாயோடு பாதி நிமிர்த்திய கட்டிலில் இருந்தார். அவளுடைய மேலங்கியில் நூல் துண்டுகள் ஒட்டியிருந்தன. அவள் அழவில்லை. கட்டில் விளிம்பில் உட்கார்ந்து அவருடைய காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“டிவி பாத்து நித்திரையான ஆளைப் பாருங்க” என்றாள்.

“உனக்கு ஏன் தொல்லை எண்டுதான்…”

“ஊர்பேர் தெரியாத பொம்பிளைக்குக் கேட்டது எனக்குக் கேக்கல்லையே. ஒரே வீட்டுக்குள்ள இருந்தும் கேக்கல்லையே.”

“நீயும் களைச்சுப்போய்க் கெடந்தாய்.”

 கொஞ்ச நேரத்தில் காலைப் பிடித்தபடியே உட்கார்ந்த இடத்தில் தூங்கிப்போனாள். மரியதாசன் அவளை எழுப்பவில்லை.

இதயத்தின் வால்வு ஒன்று சுருங்கிப்போய்விட்டது என்றார்கள் மருத்துவர்கள். இரத்தம் போகிற வாசல் ஊசித் துவாரம்போல ஆகிவிட்டதாம். அதனால் நுரையீரலில் தண்ணீர் தேங்கியிருந்தது. பனி வழித்துக்கொண்டு நின்றபடியே விழுந்து செத்திருக்கலாம் என்று இளம் மருத்துவர் ஒருவர் சாதாரணமாகச் சொன்னார். தண்ணீரை வடித்து, பங்குனியில் நெஞ்சைத் திறந்து வேறு வால்வு வைத்தார்கள்.

குணமாவதற்காக மகள் தனுஷா அவரை இல்-பிசாருக்குக் கூட்டிக்கொண்டு போனாள். அமைதியான இடம். தனி வீடுகள், வீட்டுக்கு வீடு நீண்ட புல்வெளி, தெருவில் நாய் கூட்டிப் போகிறவரைத் தவிர ஆள் கிடையாது. மகளும் மருமகனும் வேலைக்குப் போன பிறகு அவர் சன்னலோரம் உட்கார்ந்து பனி உருகுவதைப் பார்த்தார். நெஞ்செலும்பு தும்மினால் வலித்தது. உயிர் பிழைத்தவனுக்குச் சந்தோசமாக இருக்க வேண்டும் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அவருக்குச் சந்தோசம் வரவில்லை. பல வருடக் களைப்பு எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து, இப்போதுதான் நேரம் கிடைத்தது என்று வந்து உட்கார்ந்ததுபோல இருந்தது. நாள் முழுக்கத் தூங்கினார். எழுந்து கஞ்சி குடித்துவிட்டுத் திரும்பத் தூங்கினார். மகள் பயந்து மருத்துவமனைக்குத் தொலைபேசி எடுத்தாள். தூங்கட்டும் என்றார்கள்.

கோடை தொடங்க கிஸ்லேன் தேடி வந்தார். கையில் இசைத்தட்டு இருந்தது. அட்டையில் அந்தத் தவிட்டு நிறப் பியானோ. மரியதாசன் திருப்பிப் பார்த்தார்.

“ஐந்துதானே இருக்கிறது? ஆறு என்றீர்களே.”

“ஆறாவதற்கு நேரம் கிடைக்கவில்லை. அடுத்த நாள் நான்காவதையும் ஐந்தாவதையும் முடித்ததோடு ஓடிலுக்குக் கை பிடித்துக்கொண்டது. குளிர். இருந்ததை வைத்து முடித்துவிட்டோம்.”

“என்னால்தான்” என்றார் மரியதாசன்.

“உங்களாலும்தான்” என்றார் கிஸ்லேன். பொய் சொல்ல அவருக்கு வரவில்லை. “எத்தியெனுக்குக் கொஞ்ச நாள் கோபம் இருந்தது. வருடக்கணக்காகத் தேடிக் கண்டுபிடித்த சொனாட்டாக்கள். ஆறாவதுதான் மிக நல்லது என்பார். ஓடில் இனிமேல் பதிவுக்கு வரமாட்டார், விரல் சரியாகவில்லை. அவருக்கு வருத்தம் இல்லை. போதும் என்று அவர் எப்போதோ முடிவு செய்திருந்தாராம்.”

 தனுஷா கோப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு, பிரெஞ்சில் நன்றி சொல்ல ஆரம்பித்துப் பாதியில் அழுதுவிட்டாள். கிஸ்லேனுக்கு அது சங்கடமாகப் போய்விட்டது. கோப்பியை வேகமாகக் குடித்துவிட்டு எழுந்தார்.

கோயில் வேலை போய்விட்டது. பங்குத்தந்தை நல்ல மனிதர். ஆனிவரை இடத்தை வைத்திருந்தார். ஆனால் பாரம் தூக்கக் கூடாது, பனி வழிக்கக் கூடாது, படி ஏறக் கூடாது என்றால் அந்த வேலையில் மிச்சம் என்ன? றோசான் என்ற ஒரு ஹெயிட்டிக்காரர் வேலைக்கு வந்தார். மரியதாசன் ஒரு நாள் போய் அவருக்குப் பொயிலரைக் காட்டிக் கொடுத்தார். படியில் இறங்காமல் மேலே நின்றபடியே சொன்னார். றோசான் கீழே நின்று கேட்டுக்கொண்டார். அடுத்த வருடம் அந்தப் பொயிலரைக் கழற்றிவிட்டு மின்சாரத்தில் ஓடுகிற ஒன்றை வைத்தார்கள்.

செயின்ட்-மிஷேல் வீட்டுக்குத் திரும்பிய பிறகு மரியதாசன் சமையலை எடுத்துக்கொண்டார். வேறு என்ன செய்வது? காலையில் றோசலின் போன பிறகு மெதுவாக நடந்து போய்க் கீரையோ மீனோ வாங்கி வருவார். பஸ் தரிப்பிடத்தில் நிற்பதில்லை. வெங்காயம் நறுக்கி, அடுப்பைத் தணித்து வைத்து, பொழுதுபடச் சோற்றை இறக்குவார். றோசலின் வந்ததும் சப்பாத்தோடேயே குசினி நாற்காலியில் உட்கார்ந்துவிடுவாள். எழும்பிக் கைகழுவ அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடிக்கும். அவர் அவளை அவசரப்படுத்துவதில்லை.

“சனிக்கிழமை வேலையை விடன்” என்றார் ஒரு நாள்.

“விட்டுட்டு?”

“சும்மா இரு.”

“உங்களோட சும்மா இருந்து என்ன செய்ய? ரெண்டு பேரும் நித்திரை கொள்ளவோ?”

“ஓம். அதுக்கென்ன?”

அவள் சிரிக்கவில்லை. ஆனால் யோசித்தாள். அடுத்த குளிர்காலம் வரும் முன்பே சனிக்கிழமை வேலையை விட்டுவிட்டாள். 

சாப்பாடு மட்டும் அவளுக்குச் சரிவரவில்லை. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருந்தார். மரியதாசன் குறைப்பதற்குப் பதிலாக அறவே விட்டுவிட்டார்.

“இதென்ன, மீன் குழம்பா, மீன் கழுவின தண்ணியா?” என்றாள் றோசலின் முதல் பிடியை வாயில் வைத்துவிட்டு.

“புளி கூடப் போட்டிருக்கன். நாக்குப் பழகிடும்.”

“உங்கட நெஞ்சுக்கு நான் ஏன் பழகணும்?”

அவர் எழுந்து அலுமாரியிலிருந்து உப்புப் போத்தலை எடுத்து அவள் பக்கத்தில் வைத்தார். அவள் ஒரு கிள்ளு எடுத்துத் தன் சோற்றுக் கோப்பை விளிம்பில் தூவினாள். பிறகு அவர் பார்க்கிறாரா என்று பார்த்துவிட்டு, போத்தலை அவர் கைக்கு எட்டாத பக்கம் தள்ளி வைத்துக்கொண்டு சாப்பிடத் தொடங்கினாள்.